டிரம் இறங்காத வீடு

ஏரியூர்ப் பக்கத்தில் சாணியிலிருந்து கேஸ் எடுத்து அடுப்பு எரித்த முதல் ஆள் நான்தான். இதை நானே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் என்னோடு இருந்தவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள், மீதிப் பேர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. மீசை முளைக்கும் முன்பே கிணறு வெட்டப் போனேன். எங்கள் பக்கத்துப் பாறை லேசுப்பட்டதில்லை. உளி வைத்து அடித்தால் தோள்பட்டை வரைக்கும் அதிரும். ஊருக்கெல்லாம் கிணறு வெட்டிக் கொடுத்துவிட்டு, யாருக்கும் வேண்டாம் என்று கிடந்த மேட்டு நிலத்தை, எங்கள் பேச்சில் கொல்லையை, வாங்கி, எனக்கென்று ஒரு கிணறு வெட்டினேன். அங்கே தண்ணீர் வந்தால் மொட்டை அடித்துக்கொள்கிறேன் என்றார் ஒருவர். வந்தது. அவர் அடித்துக்கொள்ளவில்லை. எப்போது மொட்டை, எப்போது மொட்டை என்று அவர் சாகும் வரைக்கும் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அப்படிப்பட்ட ஆள் நான். இது தெரிந்தால்தான் பின்னால் சொல்லப்போவது புரியும்.

தண்ணீர் வந்த பிறகு ராகி போட்டேன், கடலை போட்டேன், தக்காளி போட்டேன். மாடு ஒன்று நாலாயிற்று. சாணி மலை போலச் சேர்ந்தது. அப்போதுதான் சேலம் பக்கம் ஒரு பண்ணையில் சாண எரிவாயு எரிவதைப் பார்த்துவிட்டு வந்தேன். கோபர் கேஸ் என்றார்கள். வீட்டுக்கு வந்த மறுநாளே கிழக்குப் பக்கம் குழி தோண்ட ஆரம்பித்துவிட்டேன். கிணறு வெட்டின கைக்கு அந்தக் குழி ஒரு குழியா? ஆள் வைக்கவில்லை. கொத்தனார் மட்டும் உள்ளே செங்கல் கட்டிக் கொடுத்தார்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். வட்டமாக ஒரு ஆழமான தொட்டி. சாணியும் தண்ணீரும் சரிக்குச் சரி கரைத்து ஒரு பக்கம் ஊற்ற வேண்டும். தொட்டியின் மேலே பெரிய இரும்பு டிரம் ஒன்று கவிழ்ந்து மிதக்கும். உள்ளே கரைசல் புளித்து கேஸ் சேரச் சேர, டிரம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும். அடுப்பு எரிய எரிய இறங்கும். கேஸ் விட்டுத் தீர்ந்த கரைசல் மறுபக்கம் வழிந்து கொல்லைக்கு உரமாகப் போகும். அவ்வளவுதான். டிரம் ஏறியிருந்தால் கேஸ் இருக்கிறது என்று அர்த்தம். இறங்கியிருந்தால் வீட்டில் ஆள் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எங்கள் வீட்டு டிரம் காலை பத்து மணிக்கெல்லாம் இறங்கிவிடும். மகன், மகள், நாங்கள் இரண்டு பேர். கடலை பிடுங்க வந்தவர்கள், களை எடுக்க வந்தவர்கள், வழியோடு போகிறவர்கள். என் மனைவிக்கு யாரையும் சாப்பிடச் சொல்லாமல் அனுப்பத் தெரியாது. சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் டிரம் தெரியும். குழம்பு கொதிக்கும்போதே எட்டிப் பார்ப்பாள்.

“ஏனுங்க, ஒரு சாண்தான் நிக்குது. களி வேவுமா, வேவாதா?”

வேகும் என்பேன். ஒரு பெரிய கல்லைத் தூக்கி டிரம் மேல் வைப்பேன். எடை கூடினால் அடுப்பில் தீ கொஞ்சம் விசையாக வரும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, நானாகக் கண்டுபிடித்தது. பிறகு மற்ற ஊர்களிலும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களும் கண்டுபிடித்திருப்பார்கள்.

ஊரில் எனக்குக் ‘கேஸ்காரர்’ என்று பெயர் வந்தது. எங்கள் வீட்டைக் கேஸ்காரர் வூடு என்றார்கள். பஸ்ஸில் இறங்குகிறவர்கள் அப்படிக் கேட்டால்தான் வழி சொல்லுவார்கள். அந்தப் பேரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு ஒரு விரல் நிமிரும்.

அந்தப் பேரை நானே கெடுத்தேன்.

ஒரு நாள் ஆபீசர் ஒருவர் வெளியூர் விவசாயிகளை வேன் வைத்துக் கூட்டிவந்தார், என் தொட்டியைக் காட்டுவதற்கு. முப்பது பேர் இருக்கும். சமையலெல்லாம் இந்தக் கேஸில்தான் என்று காட்ட வேண்டும் என்பதால் அத்தனை பேருக்கும் மத்தியானச் சாப்பாடு நம் வீட்டிலேயே என்று நான் சொல்லிவிட்டேன். ராகிக் களி, மொச்சைக் குழம்பு, கீரைக் கடைசல், மோர். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் துணைக்கு வந்தார்கள். பக்கத்துக் கொல்லைக்காரம்மாவும் வந்திருந்தார். எனக்குத் தங்கை முறை. என் மனைவியை அண்ணி அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிடுவார். அந்த அம்மாதான் அன்றைக்குக் களி கிண்டியது.

எல்லோரையும் பந்தியில் உட்கார வைத்துப் பரிமாறிவிட்டு, துணைக்கு வந்த பெண்களும் ஒரு ஓரமாகச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அப்போது ஆபீசர் பேசினார். என்னைப் பற்றி நாலு வார்த்தை நன்றாகத்தான் சொன்னார். பிறகு வேறு மாவட்டத்துக்காரர் ஒருவரைப் பற்றி ஆரம்பித்தார். அவர் மாட்டுச் சாணியோடு கழிவறையையும் தொட்டியில் இணைத்துவிட்டாராம், அதனால் கேஸ் அதிகமாக வருகிறதாம், அவர்தான் உண்மையான முன்னோடியாம். முன்னோடி என்ற சொல்லை அவர் இரண்டு தடவை சொன்னார்.

என் வீட்டுக் களியைத் தின்றுகொண்டு இன்னொருத்தரை முன்னோடி என்கிறாரே என்று இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டே ஆபீசர் தொட்டிப் பக்கம் பார்த்தார். மண்ணுக்குள்ளிருந்து வந்து தொட்டியில் இறங்கும் குழாய் ஒன்று தெரிந்தது. மாட்டுக் கொட்டகை கழுவுகிற தண்ணீர் வருவதற்காக நான் புதைத்த குழாய். எங்கள் கழிவறை இருப்பது மேற்குப் பக்கம், அதற்குத் தனியாகக் குழி இருக்கிறது. அவருக்கு அது தெரியாது. “இது கழிவறையிலேர்ந்து வருதுங்களா?” என்று கேட்டார்.

“ஆமாங்க,” என்றேன். “எப்பவோ சேத்துட்டேனுங்க.”

அவர் எழுந்து நின்று கை தட்டினார். வேனில் வந்தவர்களும் தட்டினார்கள். எனக்கு நெஞ்சு ஒரு விரல் இல்லை, நாலு விரல் நிமிர்ந்தது.

பெண்கள் உட்கார்ந்திருந்த ஓரத்தில் கை தட்டல் இல்லை. பக்கத்துக் கொல்லைக்காரம்மா கையில் இருந்த களி உருண்டையை அப்படியே இலையில் வைத்தார். உருட்டின விரல் தடம் அதில் தெரிந்தது. இன்னொரு பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து போனாள். என் மனைவி குழம்புக் கரண்டியோடு நின்றிருந்தாள். அந்தத் தொட்டிக்கு அவளும் தினம் சாணி கரைத்தவள். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று என்னைவிட நன்றாக அவளுக்குத் தெரியும். என்னையே பார்த்தாள். நான் ஆபீசரைப் பார்த்துக்கொண்டேன்.

பெண்கள் கிளம்பும்போது என் மனைவி காப்பி போட்டுக்கொண்டு வாசல் வரை போனாள். யாரும் வாங்கவில்லை. பக்கத்துக் கொல்லைக்காரம்மா மட்டும் நின்று, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேன் போன பிறகு அவள் என்னிடம் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நானும் கத்தி, எப்படியோ ஒரு வழி பிறந்திருக்கும். ஒன்றுதான் கேட்டாள்.

“பொய்யினு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருங்க. அவங்ககிட்ட மட்டும் போதும். ஆபீசருக்கு வேண்டாம்.”

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் ஆபீசர் ஆள் அனுப்பி எங்கள் முன்சுவரில் பெயின்டில் எழுதினார்: ‘கழிவறை இணைத்த சாண எரிவாயுக் கலன்’. கீழே முன்னோடி விவசாயி என்று போட்டு என் பேர். அடுத்த வாரம் ஒரு கூட்டத்தில் சால்வை போட்டார்கள். அதற்குப் பிறகு நான் எப்படிச் சொல்வது? சுவரே பேசிக்கொண்டிருக்கிறது. அவள் இரண்டாம் தடவை கேட்டபோது, ஆம்பளை சொன்ன சொல்லை மாற்றிச் சொல்லச் சொல்கிறாயா என்று அதட்டினேன். மூன்றாம் தடவை அவள் கேட்கவில்லை.

ஊரில் யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் மரியாதையானவர்கள். கடலை பிடுங்க வந்தவர்கள் தூக்குப் போசியில் சோறு கொண்டுவந்தார்கள். கேட்டால், வூட்டுல மிஞ்சிப் போச்சுங்க, வீணாக்க வேணாமுன்னு எடுத்தாந்தோம் என்றார்கள். தினமும் எல்லார் வீட்டிலும் மிஞ்சியது. காப்பி கொடுத்தால் இப்பத்தான் குடிச்சோம் என்றார்கள். மாரியம்மன் பண்டிகைக்கு வீட்டுக்கு வீடு கூழ் காய்ச்சி ஒரு குடம் கொண்டுபோய்க் கோயில் அண்டாவில் ஊற்றுவது எங்கள் வழக்கம். அந்த வருசம் கோயில் ஆள் வந்து, உங்க வூட்டுப் பங்கு மட்டும் மாவாவே குடுத்துருங்க, நாங்க காச்சிக்கிறோம் என்றார். ரொம்ப அன்பாகத்தான் சொன்னார். என் மனைவி மாவை முறத்தில் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் மாவுதான்.

பேரும் மாறியது. கேஸ்காரர் வூடு, கக்கூஸ் கேஸ் வூடு ஆயிற்று. இது என் காதில் விழ இரண்டு வருசம் ஆனது. பஸ் ஸ்டாண்டில் வழி கேட்ட ஒருவருக்கு ஒரு சின்னப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள், அதில் கிண்டல்கூட இல்லை. அதுதான் அந்த வீட்டின் பேர் என்று நினைத்துச் சொன்னாள்.

மகன் அப்போது விடுதியில் படித்தான், மகள் கல்யாணமாகிப் போயிருந்தாள். அவர்களுக்கும் சுவரில் இருந்ததுதான் தெரியும். மகனுக்கு இப்போது ஓசூரில் கம்பெனி வேலை. கல்யாணமாகி மருமகள் முதல் தடவை வந்தபோது பையில் ஒரு கரண்ட் அடுப்பு கொண்டுவந்தாள். நல்ல பெண்தான். குழந்தைக்குப் பால் காய்ச்ச என்று சொன்னாள். குழந்தையே அப்போது பிறக்கவில்லை. என் மனைவி மேடையில் அந்த அடுப்புக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். மகளிடமும் சொல்லவில்லை, மகனிடமும் சொல்லவில்லை. புருசன் பொய் சொன்னான் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் என்று இருந்திருக்கிறாள். கேஸ் அடுப்பில் கடைசி வரைக்கும் எனக்கு மட்டும்தான் சமைத்தாள்.

காய்ச்சல் என்று அவளைத் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எட்டு நாள் இருந்தாள். திரும்பி வரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊரே வந்தது. வெளியிலிருந்து சமையல் ஆள் வைத்து, வாசலில் கல் கூட்டி விறகு எரித்துச் சமைத்தோம். நான் ஏற்பாடு செய்யவில்லை, யாரோ செய்தார்கள். வந்தவர்கள் பந்தியில் உட்காரும் முன் ஒரு தடவை வாசல் பக்கம் பார்த்தார்கள். விறகுப் புகையைப் பார்த்ததும் உட்கார்ந்தார்கள். நன்றாகச் சாப்பிட்டார்கள். அத்தனை வருசம் கழித்து எங்கள் வீட்டில் அத்தனை பேர் சாப்பிட்டது அன்றைக்குத்தான், அவள் இல்லை.

அப்புறம் நான் மட்டும். நாலு மாட்டில் இரண்டை விற்றேன். இரண்டை வைத்துக்கொண்டேன், அதுவும் இல்லாவிட்டால் காலையில் எதற்கு எழுந்திருப்பது? பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்து சாணி கரைத்து ஊற்றுகிறேன். இந்த வயதிலும் ஒரு நாள் தவறியதில்லை, கொட்டகையை நீங்கள் தரையில் படுத்துப் பார்க்கலாம், அவ்வளவு சுத்தம். அடுப்பில் ஒரு டம்ளர் காப்பி. ஒரு வேளைச் சமையல், அதையே இரண்டு வேளை. டிரம் இறங்குவதே இல்லை. பத்து மணிக்கெல்லாம் உச்சியில் போய் நின்றுகொள்கிறது. அதற்கு மேல் ஏற இடமில்லாமல் ஓரத்துக் கரைசல் வழியாகக் கேஸ் குமிழ் விட்டு வெளியே போகும். குபுக், குபுக் என்று சத்தம். வீட்டில் வேறு சத்தம் இல்லாததால் சமையல்கட்டு வரைக்கும் கேட்கும். ஆரம்பத்தில் யாரோ வாசலில் பேசுகிறார்கள் என்று இரண்டு மூன்று தடவை எழுந்து போயிருக்கிறேன்.

கேஸ் வீணாகப் போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. வீணாக்கிப் பழகாத கை இது. சும்மாவாவது தண்ணீரைக் கொதிக்க வைப்பேன். கொதித்த தண்ணீரை ஆற வைத்து வாழைக்கு ஊற்றுவேன். நாலு நாள் செய்தேன். பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

இந்த வருசம் பக்கத்துக் கொல்லைக்காரம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். டாக்டர் புகை ஆகவே ஆகாது என்று சொல்லியிருந்தாராம். அவர்கள் வீட்டில் சிலிண்டர் தீர்ந்துபோய் அடுத்தது வரவில்லை. பிள்ளைகள் பெங்களூரில். அவர் வீட்டுக்காரருக்குச் சுடுதண்ணீர் வைக்கத் தெரியாது. அந்த அம்மா வாசலில் முள் விறகு வைத்து எரித்துக்கொண்டு, ஈரத் துண்டால் கண்ணை மூடி மூடிச் சமைப்பது என் கொல்லையிலிருந்து தெரிந்தது. இந்தப் பக்கம் என் டிரம் குபுக் குபுக் என்கிறது. அந்தப் பக்கம் புகை. நடுவில் ஒரு வரப்பு.

கடைக்குப் போய்க் கறுப்புக் குழாய் ஒரு சுருள் வாங்கி வந்தேன். வரப்புத் தாண்டி இழுத்தால் அவர்கள் அடுப்பு வரைக்கும் போகும் என்று அடியளந்து பார்த்துவிட்டு, சுருளைத் தோளில் போட்டுக்கொண்டே அவர்கள் வாசலில் போய் நின்றேன்.

“இழுத்துக் குடுத்துடறேன் தங்கச்சி. கண்ணு ஆற வரைக்குமாச்சும் எரிச்சிக்கோ. எனக்கு வீணாத்தான் போவுது.”

அந்த அம்மா கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டார். “வேணாங்க அண்ணா. ரெண்டு நாள்ல சிலிண்டரு வந்துரும்.”

அவர் வீட்டுக்காரர் எனக்கு மாப்பிள்ளை முறை, எதை வேண்டுமானாலும் கிண்டல் பண்ணலாம். கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் சிரித்தார். “மச்சான், உங்க கேஸுல சோறு ஆக்குனா, முந்தா நேத்து நீங்க தின்னதை இன்னிக்கு நாங்க தின்ன மாதிரி ஆயிருமுங்களே.”

அந்த அம்மா அவரைச் சும்மா இருக்கச் சொல்லி அதட்டினார். ஆனால் அந்த அம்மா வாயும் சிரிப்பில் கோணியது. நானும் சிரித்திருக்க வேண்டும். வேறு நாளாக இருந்தால் பதிலுக்கு ஒன்று சொல்லியிருப்பேன், அவரைவிட எனக்கு வாய் நீளம். அன்றைக்குச் சுருள் தோளில் கனத்தது. ஈரத் துண்டு அந்த அம்மா கையில் இருந்தது.

“அது பொய்யி,” என்றேன். “கக்கூஸ் சேக்கலை. எப்பவும் சேத்ததில்லை. அன்னிக்கு ஆபீசர்கிட்டப் பெருமைக்குச் சொன்னேன்.”

மாப்பிள்ளை இன்னும் பெரிதாகச் சிரித்தார். நம்பவில்லை. கேஸ் மிஞ்சிப்போனதால் நான் பேச்சை மாற்றுவதாகச் சொன்னார். சுவரில் எழுதியிருக்கிறதே, சால்வை போட்டார்களே, இத்தனை வருசம் நீங்களே ஊரெல்லாம் சொன்னீர்களே என்றார். அவர் சொன்னது எல்லாம் சரி. பொய்யை அவ்வளவு ஒழுங்காக நான் காப்பாற்றி வைத்திருந்தேன்.

குழாய்ச் சுருளை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் கடப்பாரை, மண்வெட்டி எடுத்தேன்.

தொட்டியிலிருந்து கொட்டகை வரைக்கும் அந்தக் குழாய் மண்ணுக்குள் போகிறது. முழுக்கத் தோண்டிக் காட்டிவிட்டால் யாரும் எதுவும் பேச முடியாது. இளவயதில் இது எனக்கு அரை நாள் வேலை. ஆழம் முழங்கால் அளவுதான். இப்போது மூன்று நாள் ஆனது. முதல் நாள் பத்தடி. நடுவில் ஒரு பாறை தட்டியது. எவன் இந்தப் பாறைமேல் குழாய் போட்டான் என்று திட்டினேன், அப்புறம்தான் நான் போட்டது நினைவு வந்தது. அன்றைக்கு இதைப் புதைக்கும்போது மண்ணை அள்ளிப் போட்டது அவள். சாய்மானம் போதுமா என்று ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, கொட்டகையிலிருந்து ஓடிவந்து தொட்டிப் பக்கம் நின்று, வந்துருச்சுங்க என்று சொன்னாள். இரண்டாம் நாள் மத்தியானம் அது நினைவு வந்து, குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். களைப்பு வேறு.

மூன்றாம் நாள் சாயந்தரம் குழாய் முழுக்க வெளியே தெரிந்தது. ஒரு முனை தொட்டி. மறு முனை மாட்டுக் கொட்டகை. கழிவறை அந்தப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கிறது. போய் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தேன். மாப்பிள்ளை குழியோரமாகவே நடந்து இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனார். கொட்டகையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். தொட்டியில் விழுந்தது. மேற்குப் பக்கம் போய்க் கழிவறைக் குழியின் மூடியையும் பார்த்துவிட்டு வந்தார். ஊரெல்லாம் ஏமாத்திட்டீங்களே மச்சான் என்றார். அவருக்கு அதில் ஒரு சந்தோசம்கூட இருந்தது, நாலு பேரிடம் சொல்ல விசயம் கிடைத்துவிட்டது. இப்போது அவர்தான் எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பாதிப் பேர் நம்பவில்லையாம்.

அந்த அம்மா நடக்கவில்லை. தோண்டிப் போட்ட மண்மேட்டுப் பக்கமே நின்றார். கறுப்புக் கண்ணாடிக்குள் கண் தெரியவில்லை.

“அண்ணிக்குத் தெரியுமாங்க?”

தெரியும் என்றேன்.

“மொதல்லேர்ந்தா?”

தலையாட்டினேன்.

அந்த அம்மா திரும்பி வரப்பைத் தாண்டிப் போய்விட்டார்.

அன்றைக்கு ராத்திரி மகனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அம்மா ஏன் எங்ககிட்டச் சொல்லலை என்று கேட்டான். அவளைத்தான் கேட்க வேண்டும் என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சரி, தீபாவளிக்கு வருகிறோம் என்று வைத்துவிட்டான். கரண்ட் அடுப்பு இன்னும் மேடையில்தான் இருக்கிறது. அதைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

சுவரில் இருந்த எழுத்தையும் அடித்துவிட்டேன். பழைய பெயின்ட் கெட்டியானது, இரண்டு கை சுண்ணாம்பு பூசியும் லேசாகத் தெரிகிறது. வெயில் சாயும்போது பக்கவாட்டில் நின்று பார்த்தால் முன்னோடி என்பது படிக்கிற மாதிரியே இருக்கிறது.

நாலு நாள் கழித்துக் காலையில் நான் சாணி கரைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா வரப்பு வழியாக வந்தார். கையில் என் குழாய்ச் சுருள். அதை வாசலில் வைத்தார்.

“சிலிண்டரு முந்தா நேத்தே வந்துருச்சுங்க அண்ணா.”

நல்லதாப் போச்சு என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் போகவில்லை. காலைக் கழுவிக்கொண்டு நேராக உள்ளே போனார். நான் கையைக் கழுவிக்கொண்டு பின்னால் போனபோது சமையல்கட்டில் நின்றிருந்தார். அந்தச் சமையல்கட்டுக்குள் அவர் கால் வைத்து எத்தனை வருசம். ஆனாலும் சர்க்கரை டப்பாவை எட்டி எடுத்தார், காப்பித்தூள் அதற்குப் பின்னால் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் எதையும் இடம் மாற்றி வைக்கவில்லை. மாற்றத் தோன்றவில்லை. பால் கேட்டார். கறந்த பாலைக் கொடுத்தேன். அடுப்பைத் திருகிப் பற்ற வைத்தார். நீலமாக எரிந்தது. கண்ணாடிக்குள்ளிருந்து அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

ஒரு டம்ளர் காப்பிதான் போட்டார். எனக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் எப்போதும் நிற்கிற இடத்தில், ஜன்னல் பக்கம் பார்த்து நின்றுகொண்டு, ஆற்றாமல் சூடாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

“அன்னிக்கு அண்ணி குடுத்தப்பவே குடிச்சிருக்கணும்,” என்றார். என்னிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, வரேங்க என்று போய்விட்டார்.

திரும்பவும் வருவாரா என்று நான் கேட்கவில்லை. இதை எழுதும் வரைக்கும் வரவில்லை. பார்த்தால் பேசுகிறார், கண் நன்றாகத் தெரிகிறது என்றார்.

அவர் வரப்பைத் தாண்டும் வரைக்கும் வாசலில் நின்றேன். ஒரு டம்ளர் காப்பிக்கு டிரம் இறங்காது. அரை விரல்கூட இறங்காது. இத்தனை வருசம் அதைக் கட்டி ஆண்ட எனக்கு இது தெரியாதா? ஆனாலும் கிழக்குப் பக்கம் போய், கீழே உட்கார்ந்து, டிரம் ஓரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன்.